பென்சில் படாத பிரதி

என் ஆத்தாளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து போன் செய்து, அயர்லாந்து ஆஸ்பத்திரி வேலைக்கு விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் பத்தாம் தேதி டிக்கெட் என்று சொன்னாய். போவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டுத்தானே போவாய் என்று கேட்டேன். "பாக்குறேன்ப்பா" என்றாய். இருபத்தெட்டு வருஷம் கம்பம்–மதுரை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனிடம் அந்த வார்த்தையைச் சொல்லாதே. உசிலம்பட்டியில் ஏறி, உட்கார இடம் கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லி ஒருவருக்குக்கூட இடம் பிடித்துக் கொடுத்ததில்லை.

போனில் உன்னோடு மூன்று நிமிஷத்துக்கு மேல் பேச எனக்கு வராது. சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா, இந்தா அம்மாவிடம் கொடுக்கிறேன். இவ்வளவுதான். அதனால்தான் அல்லிநகரம் தபாலாபீஸுக்குப் போய்க் கவர் வாங்கி வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். விஷயம் 'மூன்றாவது துறைமுகம்' பற்றியது. சிரிக்காதே. பத்து வருஷமாக நீ அந்தப் புத்தகத்தின் பெயரை வாயில் எடுக்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. இந்தப் பத்து வருஷத்தில் நீ இரண்டு ராத்திரிக்கு மேல் இந்த வீட்டில் தங்கியதும் இல்லை. படிப்பு, டூட்டி, லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்ன காரணங்களை எல்லாம் நான் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. போன வாரம் ஜெயமங்கலத்தில் ஒரு மத்தியான நேரம் எனக்கு வேறு ஒரு காரணம் தெரிந்தது. நீ கடல் தாண்டிப் போவதற்குள் அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முறையாகச் சொல்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே உளவாளி சசிதரன் கதைகள் மாதம் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பழுப்புத் தாள், நடுவில் இரண்டு பின், அட்டையில் கறுப்புக் கண்ணாடியும் துப்பாக்கியுமாகச் சசிதரன். பஸ் ஸ்டாண்டு கடைகளில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும். வாங்குவேன், படிப்பேன், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போட்டுவிடுவேன். பைத்தியம் பிடித்தது தொண்ணூற்றேழில். எழுத்தாளர் வயதான காலத்தில் தன் பழைய கதைகளை எல்லாம் எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். வழவழப்பான அட்டை, நல்ல தாள், மேலே 'ஆசிரியரால் திருத்தப்பட்ட புதிய பதிப்பு' என்று சிவப்பு எழுத்து. ட்ரங்க் காலுக்குக் காத்திருந்த சசிதரன் புதிய பதிப்பில் செல்போனை எடுத்தான். சிகரெட்டை விட்டான். எதிரி நாட்டின் பெயர் காணாமல் போனது. பழைய பதிப்பில் செத்துப்போன சிலர் புதியதில் பிழைத்து எழுந்து உட்கார்ந்தார்கள்.

கம்பத்திலிருந்து மதுரை வரை என்னைப் போல ஏழெட்டுப் பேர் இருந்தோம். பழைய பதிப்பு மட்டும் வைத்திருப்பவன் ரசிகன், திருத்திய பதிப்பு மட்டும் வைத்திருப்பவன் வெறும் வாசகன், இரண்டையும் ஜோடியாக வைத்திருப்பவன்தான் சேகரிப்பாளன் என்பது எங்களுக்குள் சட்டம். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் தெரியாது, ஒருவேளை நானாகவே இருக்கலாம். கண்டக்டர் என்பதால் தபால்காரன் வேலையும் எனக்குத்தான். புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, மேலே ஊர்ப்பெயர் எழுதி என் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆண்டிபட்டியில் ஒரு தறிக்காரர் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார். ஜெயமங்கலத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ராசாமணிக்குப் பார்சல் என்றால் தேனி பஸ் ஸ்டாண்டில் பழக்கடையில் வைத்துவிட்டு வருவேன். வெற்றிலைக்கட்டு போட வரும்போது அவர் எடுத்துக்கொண்டு போவார். எங்களில் அவர்தான் பெரிய கை. எந்தக் கதைக்கும் அவரிடம் இரண்டு மூன்று பிரதி இருக்கும், ஒன்றிலும் ஒரு மடிப்பு இருக்காது.

வெறுமனே வாங்கி அடுக்கினால் போதாது, எழுத்தாளர் எங்கெங்கே கை வைத்தார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் புதிய பதிப்பைச் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர் பழையதைக் கையில் வைத்துக்கொண்டு வரி மாறுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் ஒத்துப்பார்ப்பது. நீ அப்போது எட்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை டூட்டியை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டு, காலைப் பலகாரம் முடிந்ததும் உன்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துவிடுவேன். மூன்று வருஷம், அநேகமாக எல்லா ஞாயிறும். பிள்ளையோடு இருப்பதற்காக லீவு போடுகிறேன் என்று டெப்போவில் பீற்றிக்கொண்டேன். 'மூன்றாவது துறைமுகம்' பழைய பிரதி நம்மிடம் அட்டை கிழிந்துதான் இருந்தது, அதனால்தான் அதில் பென்சில் வைக்க உனக்கு அனுமதி கொடுத்தேன். நீ அதற்குப் பிரவுன் தாளில் அட்டை போட்டு, பள்ளிக்கூட லேபிள் ஒட்டி, பெயர், வகுப்பு எல்லாம் எழுதி, பாடம் என்ற இடத்தில் 'சசிதரன்' என்று எழுதினாய். அந்தக் கதையை மட்டும் நாம் மூன்று தடவை ஒத்துப்பார்த்தோம், எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதால். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் எத்தனை மாற்றம் என்று கேட்பேன். ஏழு என்பாய், நான்கு என்பாய். நான் அந்த எண்ணிக்கையை நோட்டில் எழுதிக்கொள்வேன். உன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்ததே இல்லை.

அந்தக் கதையின் முடிவு நினைவிருக்கிறதா? பழைய பதிப்பில் வயர்லெஸ்காரி மல்லிகா துறைமுகத்தில் குண்டடிபட்டுச் சாகிறாள். திருத்திய பதிப்பில் பிழைத்துக்கொள்கிறாள். இதை வைத்து எங்களுக்குள் ஆறு மாதம் சண்டை நடந்தது. ராசாமணி சாவுக் கட்சி, நான் பிழைப்புக் கட்சி. உன்னிடம் எது சரி என்று கேட்டேன். "ரெண்டுலயும் சசிதரன் அவளத் திரும்பியே பாக்கலப்பா" என்றாய். எனக்கு அது பெரிய வேடிக்கையாகத் தெரிந்தது. மறுநாள் டெப்போ டீக்கடையில் சொல்லிச் சிரித்தேன், என் மகள் எவ்வளவு சூட்டிகை பாருங்கள் என்று. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குச் சசிதரனே ஆகாது, ஒரே கதைக்கு எதற்கு ரெண்டு பொஸ்தகம் என்று கேட்டவள் அவள். ஆகாதவள் சொல்வதை எதற்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்தில் நீ பதினோராம் வகுப்புக்கு மதுரையில் ஹாஸ்டலில் சேர்ந்தாய். நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, ராசாமணி பழக்கடையில் ஒரு சேதி சொல்லி வைத்திருந்தார். சசிதரன் கதைகளில் எழுத்தாளர் செய்த திருத்தம் எல்லாவற்றையும் அவர் பட்டியல் போடுகிறாராம். நாம் ஒத்துப்பார்த்து அடையாளம் வைத்த பிரதியைக் கொடுத்தால், பதிலுக்குத் தன்னிடம் கூடுதலாக இருக்கும் 'மூன்றாவது துறைமுகம்' முதல் அச்சைத் தருகிறாராம். அட்டையோடு, மடிப்பில்லாமல், பென்சில் படாதது. ஆத்தா, எனக்கு அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கிழிந்த புத்தகத்தைக் கொடுத்துப் புதுசை வாங்குவதா! மனுஷனுக்கு வெற்றிலை போட்டுப் போட்டு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். கொடுப்பதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் பக்கம் குறைகிறதா என்று பார்த்தேன். நாங்கள் பார்க்கிற விதம் உனக்குத் தெரியுமே, கட்டைவிரலால் மூலையைச் சரசரவென்று தள்ளிக்கொண்டே பக்க எண்ணை மட்டும் பார்ப்பது. எல்லாப் பக்கமும் இருந்தது. சுற்றிக் கொடுத்துவிட்டேன்.

காலாண்டுப் பரீட்சை லீவில் நீ வந்தாய். பையை வைத்ததும் நேராக அலமாரிக்குத்தான் போனாய். நான் பின்னாலேயே வந்து, இங்கே பார் அதிசயத்தை என்று புதுப் பிரதியை எடுத்து உன் கையில் கொடுத்தேன். ஒரு கோடு இல்லை பார், ஒரு கறை இல்லை பார் என்றேன். நீ முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றாகப் புரட்டினாய். பழையது எங்கே என்று கேட்டாய். கொடுத்துத்தான் இதை வாங்கினேன் என்று சொன்னேன், என்னவோ பெரிய யுத்தத்தில் ஜெயித்தவன் மாதிரி. "நல்லா இருக்குப்பா" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாய். அந்த லீவில் ஒரு ஞாயிறு வந்தது. கூப்பிட்டேன், தலைவலி என்றாய். அதற்குப் பிறகு நாம் ஒத்துப்பார்க்கவே இல்லை. பெரிய பெண் ஆகிவிட்டாள், இனி உளவாளிக் கதையில் என்ன இருக்கப்போகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தனியாக ஒத்துப்பார்க்க முயற்சி செய்தேன். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தால் வரி தவறிப்போகிறது. நான்கு ஞாயிறு முயன்று விட்டுவிட்டேன்.

இப்போது ஜெயமங்கலத்துக்கு வருகிறேன். எழுத்தாளர் காலமான பிறகு பதிப்பகத்தார் அவருடைய காகிதங்களிலிருந்து எடுத்ததாகச் சொல்லி 'மூன்றாவது துறைமுகம்' மூன்றாவது முறையாகப் போட்டிருக்கிறார்கள். மல்லிகா மறுபடி சாகிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் ரிட்டயர் ஆனவன், வேறு என்ன வேலை? ஒரு பிரதி வாங்கிக்கொண்டு ராசாமணி வீட்டுக்குப் போனேன். தன் சாவுக் கட்சி ஜெயித்துவிட்டது என்று அவருக்கு ஏகப்பட்ட குஷி. மோர் கொடுத்தார். கட்டிலில் துணியை விரித்து, தன்னிடமிருந்த பழைய பிரதிகள், திருத்திய பிரதிகள் எல்லாவற்றையும் பரப்பினார். அவற்றுக்கு நடுவில் ஒரு பிரவுன் அட்டை. லேபிளில் உன் கையெழுத்து. எனக்கு உடனே எடுக்கத் தோன்றவில்லை. ஒரு வாய் மோர் குடித்துவிட்டு எடுத்தேன். இந்தத் தடவை மூலையைத் தள்ளாமல் விரித்துப் பார்த்தேன்.

பன்னிரண்டாம் பக்கத்து ஓரத்தில், பொடிப்பொடி எழுத்தில், 'அப்பா சிரிச்சாக' என்று இருந்தது. பத்தொன்பதில், 'அப்பாக்கு தொண்ட கட்டியிருக்கு. நாளைக்கு டூட்டி.' முப்பத்தொன்றில், 'இங்கன நிறுத்திட்டு வெளிய பாத்தாக. மல மேல மழ.' நாற்பத்தெட்டில், 'இந்தப் பக்கம் அப்பாக்கு ரொம்பப் பிடிக்கும். கைய ஆட்டி வாசிக்காக.' வரி மாறிய இடத்துக் கோடுகளைத் தேடினேன். புத்தகம் முழுவதும் நான்கோ ஐந்தோதான் இருந்தன. நீ சொன்ன ஏழும் நான்கும் ஒன்பதும் எல்லாம் பொய், கள்ளி. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு மதுரை வரை சவால் விட்டுக்கொண்டிருந்தேனே, என் மானம் என்ன ஆவது? ராசாமணிக்கு முன்னால் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அதற்கடுத்த பக்கத்தைப் புரட்டியதும் சிரிப்பு நின்றது. 'முடி வெட்டியிருக்கேன். அப்பா இன்னும் பாக்கல' என்று இருந்தது. பதினைந்து பக்கம் தள்ளி, அடுத்த ஞாயிறாக இருக்க வேண்டும், 'இன்னும் பாக்கல.' அதற்குப் பிறகு முடியைப் பற்றி ஒன்றும் இல்லை. மறுபடியும் 'அப்பா சிரிச்சாக', 'அப்பா தண்ணி குடிச்சாக' என்றே கடைசி வரை போகிறது.

இதை நான் இப்போதுதான் பார்க்கிறேன் என்று ராசாமணியிடம் சொன்னேன். அவர் கோபக்காரர், தெரியும் உனக்கு. ஆனால் அன்றைக்குச் சத்தம் போடவில்லை. "வித்தியாசம் பாக்கத்தான் இத வாங்குனேன். பாத்தா அம்புட்டும் ஒங்களப் பத்தி எழுதிருக்கு" என்றார். "தெரிஞ்சுதான் குடுத்தீகன்னு நெனச்சேன். இந்த மனுசனுக்கு இதவிட அட்ட பெருசாப் போச்சேன்னு பத்து வருசமா ஒங்க மேல ஒரு கசப்பு." அப்படியானால் இதை எனக்குத் திருப்பிக் கொடுங்கள், என்னிடம் இருக்கும் சசிதரன் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ராசாமணி புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "எழுதுன புள்ள வந்து கேட்டா குடுப்பேன். ஒங்களுக்குத்தான் சுத்தமான பிரதி குடுத்தாச்சே" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம், பிள்ளை எப்போது முடி வெட்டினாள் என்று கேட்டேன். எட்டாம் வகுப்பில் கபடிக் குழுவில் சேர்ந்து, ரெட்டைச் சடை இடைஞ்சல் என்று தோளோடு வெட்டிக்கொண்டு வந்தாயாம். அம்மா உன்னை அடித்தாளாம், நீ இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். நான் எங்கே போயிருந்தேன் என்று கேட்டேன். "எங்கன போனீக? எதுத்தாப்புலதான் ஒக்காந்திருந்தீக" என்றாள். அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அதற்குப் பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். தோளோடு வெட்டிய முடியும், பன்னிரண்டு பதின்மூன்று வயதும். வரவில்லை ஆத்தா. நாற்பத்தெட்டாம் பக்கம் எந்த வார்த்தையில் ஆரம்பிக்கிறது என்று இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மூன்று வருஷம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த முகம் மட்டும் இல்லை. அம்மாவிடம் போட்டோ இருக்கும், கேட்டால் எடுத்துக் கொடுப்பாள். போட்டோவில் நீ போட்டோக்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பாய். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த முகம்தான் எனக்கு வேண்டும்.

கண்டக்டர் புத்தி என்று ஒரு சாக்குச் சொல்லிப் பார்த்தேன். கூட்டத்தில் நாங்கள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, நீட்டுகிற கையைத்தான் பார்ப்போம். வளையல் கை, மண்வெட்டிக் கை, வெற்றிலைக் காம்பு கிள்ளிக் கறுத்த கை. கையைப் பார்த்தே எந்த ஸ்டாப் என்று சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது என்று எழுதலாம் என்று இருந்தேன். ஆனால் ஆண்டிபட்டித் தறிக்காரர் மீசையை மழித்த அன்றைக்கு ஓடுகிற பஸ்ஸிலிருந்தே கவனித்துக் கேலி செய்தவன் நான். அதனால் அந்தச் சாக்கை எடுத்துக்கொள்ளாதே. நான் உன்னைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நீ எதிரில் இருக்கிறாய் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. உன் புத்தகத்தை உன்னைக் கேட்காமல் கொடுத்ததைவிட இது பெரிய தப்பு என்று எனக்குத் தெரிகிறது. இரண்டுக்கும் சேர்த்து என்னை மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

நீ போகிற இடத்தைப் பற்றிப் புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும்? குளிர் என்கிறார்கள், கம்பளி எடுத்துக்கொள். அம்மா நார்த்தங்காய் ஊறுகாயைக் கட்டுவாள், வேண்டாம் என்று சொல்லிவிடாதே, விமானக்காரன் பிடுங்கினால் பிடுங்கிக்கொள்ளட்டும். நோயாளி கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் தலைமாட்டில் தொங்கும் காகிதத்தை முதலில் எடுக்காதே என்று சொல்ல நினைத்தேன். பிறகு, எனக்குத் தொண்டை கட்டியதைப் புத்தகத்து ஓரத்தில் எழுதியவளுக்கு அதை நான் சொல்லிக் கொடுப்பதா என்று விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். உன்னைப் பார்க்காத ஆளுக்கு எதிரே இனி மூன்று வருஷம் உட்காராதே. என்னிடம் நீ காட்டிய பொறுமை எனக்கே போதும், வேறு எவனுக்கும் அதைக் கொடுக்காதே. முடி வெட்டியிருக்கிறேன், பார் என்று வாயைத் திறந்து சொல்லிவிடு. சொல்லியும் பார்க்காவிட்டால் எழுந்து போய்விடு.

லீவு இரண்டு நாள் கிடைத்தாலும் வா. ஜெயமங்கலத்துக்கு உன்னைக் கூட்டிப்போகிறேன், நீ கேட்டால் ராசாமணி கொடுத்துவிடுவார். அது உன் புத்தகம், அயர்லாந்துக்கு எடுத்துப் போ, இல்லை அடுப்பில் போடு. அங்கே போக விருப்பமில்லை என்றால் போக வேண்டாம், அவரிடமே பத்திரமாக இருக்கட்டும். எந்த பஸ் என்று மட்டும் அம்மாவிடம் சொல், தேனி பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன். உன் முடி இப்போது எவ்வளவு நீளம் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். நான் அவளிடம் கேட்கவில்லை. நீ இறங்கியதும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா